உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?
மீகடத்திகளும் குவாண்டம் அலைவுகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா உரைத்தொடரில், கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி வெள்ளவத்தை, மற்றவள் கொட்டாஞ்சேனை. இந்த உரையையும், அந்த நாளில் பரிசோதனைக் கொப்பி எழுதியது போலவே, இருவரும் சேர்ந்தே எழுதினோம். பௌதிகவியல் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், "அப்படியென்றால் தேநீரை முதலே கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. ஆகவே சமையலறையிலிருந்தே தொடங்குகிறோம்.

வெள்ளவத்தைச் சந்தையில் தேங்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். விரலால் சுண்டிப் பார்க்கிறோம். தண்ணீர் வற்றியதா, பருப்பு முற்றியதா என்பதை ஓடு சொல்லிவிடுகிறது. உடைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியாது. கண்ணால் காண முடியாததைக் காதால் அறியும் இந்த வித்தையை நம் அம்மாமாரும் அம்மம்மாமாரும் யாரிடமும் பட்டம் வாங்காமலே பழகியிருந்தார்கள்.

இன்று நாங்கள் சொல்லப் போவது, ஏறக்குறைய இதே வித்தையைக் கொண்டு ஒரு பொருளின் உள்ளே இருக்கும் இலத்திரன்கள் எப்படி வாழ்கின்றன என்று அறிந்தவர்களின் கதை. அவர்களில் முக்கியமான ஒருவர், நமது கல்லூரியைப் போலவே பெண்களுக்கென அமைந்த ஒரு கல்லூரியில், தமிழ்நாட்டில், பௌதிகவியல் படித்த பெண்.

ஒரு வகுப்பறைக் கேள்வி

1987ஆம் ஆண்டு நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். அந்த வருடம் ஒருநாள் எங்கள் பௌதிகவியல் ரீச்சர் ஒரு பத்திரிகைத் துண்டை வகுப்புக்குக் கொண்டுவந்து வாசித்தார். மட்பாண்டம் போன்ற ஒரு கறுப்புப் பொருள், மறை 180 பாகை செல்சியசில், மின்தடை சிறிதும் இல்லாமல் மின்னைக் கடத்துகிறது என்பது செய்தி. எங்கள் பாடக்குறிப்பில் மீகடத்திகள் பற்றி இருந்தது ஒரே ஒரு பந்தி. அவை தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மிக அருகில் மட்டுமே தோன்றும் என்று அது சொன்னது.

"ஏன் ரீச்சர் இது மட்டும் இவ்வளவு வெப்பத்தில் வேலை செய்கிறது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஒருத்தருக்கும் தெரியாதாம் பிள்ளை. நீங்கள் படிச்சுக் கண்டுபிடியுங்கோ" என்றார் ரீச்சர்.

நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தி கணக்கியலுக்குப் போனாள், மற்றவள் ஆசிரியையானாள். ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. அவ்வப்போது கிடைத்ததை வாசித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறோம். ரீச்சரின் பதில் இன்றைக்கும் பெரும்பகுதி பொருந்தும் என்பதுதான் வியப்பு. ஆனால் "தெரியாது" என்பதன் எல்லை மிகவும் சுருங்கியிருக்கிறது. எப்படிச் சுருங்கியது என்பதைச் சொல்கிறோம்.

மரபு வழியும் மரபை மீறியதும்

1908இல் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னெஸ் என்பவர் ஈலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். அந்தக் கடுங்குளிரைக் கொண்டு 1911இல் இரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினில், அதாவது மறை 269 பாகை செல்சியசில், அதன் மின்தடை திடீரென மறைந்தது. இதுவே மீகடத்தல். ஏன் மறைந்தது என்பதற்கு 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூவர் விடை தந்தார்கள். ஒன்றையொன்று தள்ளும் இலத்திரன்கள், படிகத்தின் மெல்லிய அதிர்வின் துணையால் சோடி சேர்கின்றன. சோடி சேர்ந்தவை எங்கும் மோதாமல் ஒன்றாக ஓடுகின்றன. இந்த விளக்கத்துக்கு அடங்குபவை மரபு மீகடத்திகள். நமது வைத்தியசாலைகளில் எம்ஆர்ஐ படம் எடுக்கும் இயந்திரத்தின் காந்தச் சுருள் இந்த வகைதான். நயோபியம்–தைத்தேனியம் கம்பி திரவ ஈலியத்தில் மூழ்கியிருக்கும்.

1986இல் சூரிச் நகரில் பெட்னோர்ஸ், மியூலர் என்ற இருவர், செம்பும் ஒட்சிசனும் கலந்த ஒரு பொருளில் 30 கெல்வினுக்கு மேல் மீகடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இற்றியம், பேரியம், செம்பு, ஒட்சிசன் நான்கும் சேர்ந்த பொருள் 93 கெல்வினைத் தொட்டது. ரீச்சர் வாசித்த செய்தி இதுதான். மலிவான திரவ நைதரசனின் 77 கெல்வினுக்கு மேல் வேலை செய்யும் மீகடத்தி! 1957இன் விளக்கம் இதற்குப் பொருந்தவில்லை. ஆகவே இவற்றை மரபுசாரா மீகடத்திகள் என்கிறார்கள்.

இவற்றில் இன்னொரு விந்தையும் உண்டு. இந்தச் செப்பு ஒட்சைட்டுகளின் மூலப்பொருள் ஒரு காவலி, மின்னைக் கடத்தாது. பாடப்புத்தகக் கணக்குப்படி அது உலோகமாக இருக்கவேண்டும். ஏன் இல்லை? மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியை நினைத்துப் பாருங்கள். வாகனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்று இடைவெளியில்லாமல் நிற்பதால் எதுவும் அசையாது. மூலப்பொருளில் இலத்திரன்களின் நிலை அதுதான். ஒன்றையொன்று நெருங்க விரும்பாமல், ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நிற்கிறது. சில வாகனங்களை வீதியிலிருந்து எடுத்துவிட்டால் மற்றவை நகரும். அதேபோல் ஒட்சிசனின் அளவை மாற்றிச் சில இலத்திரன்களை அகற்றினால், நெரிசல் தளர்ந்து, அசையாமல் நின்ற அதே கூட்டம் தடையே இல்லாத ஓட்டமாகிவிடுகிறது.

இந்த நெரிசலிலிருந்தே மீகடத்தல் பிறக்கிறது என்ற எண்ணத்தை 1987இல் முன்வைத்தவர் பிரின்ஸ்டனின் பிலிப் அண்டர்சன். அதை அவருடன் சேர்ந்து, அதே ஆண்டில், கணக்காக வளர்த்தவர்களில் ஒருவர் கணபதி பாஸ்கரன் என்ற தமிழர். பின்னர் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். நாங்கள் இங்கே பத்திரிகைத் துண்டைச் சுற்றிக் கூடிநின்ற அதே வருடம், அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முன்வரிசையில் ஒரு தமிழர் இருந்தார் என்பதை நாங்கள் மிகப் பிந்தியே அறிந்தோம்.

மண்டபத்தின் கடைசி வரிசை

எண்ணங்கள் பல வரலாம். எது சரி என்று தீர்ப்பதற்கு, உள்ளே இலத்திரன்கள் உண்மையில் எப்படி ஒழுங்காகியிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு சொல்லை மட்டும் அறிமுகப்படுத்துகிறோம்: பேர்மி மேற்பரப்பு.

இந்த மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசனத்தில் ஒருவர்தான் இருக்கலாம். முன்வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் ஆட்கள் முடிந்து வெற்று ஆசனங்கள் தொடங்கும். நடுவில் இருப்பவர் எழுந்து போக விரும்பினாலும் முடியாது, சுற்றிலும் ஆட்கள். எல்லையில் இருப்பவர்களே அசையக்கூடியவர்கள். இலத்திரன்களும் தமக்குரிய இயக்க நிலைகளை இப்படித்தான் நிரப்புகின்றன. நிரம்பியதற்கும் வெறுமையாக உள்ளதற்கும் இடையிலான எல்லையே பேர்மி மேற்பரப்பு. ஓர் உலோகத்தின் மின்கடத்தலும் வெப்பக்கடத்தலும் மீகடத்தலும் அந்த எல்லையில்தான் நடக்கின்றன. அதன் வடிவம் தெரிந்தால் அந்த உலோகத்தின் சுபாவத்தில் பாதி தெரிந்துவிடும்.

அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் தேங்காய்க்குத் திரும்புகிறோம்.

ஒரு காந்தப்புலத்தில் இலத்திரன் வட்டமாகச் சுற்றும் என்பதை உயர்தர மாணவிகள் அறிவார்கள். ஆனால் அந்த வட்டம் எந்த அளவிலும் இருந்துவிட முடியாது. சில அளவுகளுக்கு மட்டுமே அனுமதி என்று 1930இல் லண்டாவ் காட்டினார். புலத்தைக் கூட்டக் கூட்ட, அனுமதிக்கப்பட்ட அந்தப் பாதைகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி, பேர்மி மேற்பரப்பு என்ற எல்லையைக் கடந்து வெளியேறுகின்றன. ஒரு பாதை எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உலோகத்தின் காந்தத்தன்மையும் மின்தடையும் சற்றே ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் குவாண்டம் அலைவு என்று பெயர். அதே 1930இல், அதே லெய்டன் நகரில், பிசுமது என்ற உலோகத்தில் இதை முதலில் கண்டார்கள். காந்தத்தன்மையில் கண்டவர்கள் டி ஹாஸ், வான் ஆல்பன். மின்தடையில் கண்டவர்கள் ஷூப்னிகோவ், டி ஹாஸ்.

புலத்தின் தலைகீழ் எண்ணுக்கு எதிரே வரைபு கீறினால் இந்த அலைகள் சம இடைவெளியில் வரும். அலைகள் நெருக்கமாக வந்தால் எல்லைக்குள் அடங்கிய பரப்பு பெரிது. ஐதாக வந்தால் சிறிது. இந்தத் தொடர்பைத் திருத்தமாக எழுதித் தந்தவர் ஒன்சாகர்; ஆண்டு 1952.

பரப்பு கிடைத்துவிட்டது, வடிவம் எப்படிக் கிடைக்கும்? ஒரு கரட்டை நேராக வெட்டினால் சிறு வட்டம். சரிவாக வெட்டினால் நீண்ட, பெரிய துண்டு. ஒரு தோடம்பழத்தை நடுவால் எந்தச் சரிவில் வெட்டினாலும் ஒரே அளவு வட்டம். ஆகவே படிகத்தைக் காந்தப்புலத்தில் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒவ்வொரு சாய்விலும் அலைவைக் கேட்டு, வெட்டுமுகத்தின் பரப்பைக் குறித்துக்கொண்டே போனால், உள்ளே இருப்பது கரட்டா தோடம்பழமா என்று தெரிந்துவிடும். கத்தி படவே இல்லை.

கேட்பதற்கு மூன்று நிபந்தனைகள்

இந்த மெல்லிய ஒலியைக் கேட்க மூன்று வேண்டும். ஒன்று, கடுங்குளிர், வெப்பம் இருந்தால் எல்லை கலங்கிவிடும். இரண்டு, மிகத் தூய படிகம். இலத்திரன் எதிலும் மோதாமல் வட்டத்தைச் சுற்றி முடிக்கவேண்டும். மூன்று, வலிய காந்தப்புலம்.

மீகடத்திக்கு மூன்றாவது இன்னும் அவசியம். மீகடத்தல் இருக்கும்வரை அது தன் சாதாரண நிலையை மூடி மறைத்துவிடும். காந்தப்புலத்தால் அதை அடக்கினால்தான் கீழே இருக்கும் உலோகம் வெளிப்படும். எவ்வளவு புலம்? கொழும்பில் திசையறி கருவியின் ஊசியைத் திருப்பும் பூமியின் புலம் சுமார் 0.00004 டெஸ்லா. எம்ஆர்ஐ இயந்திரத்தில் வழக்கமாக 1.5 டெஸ்லா. இந்தப் பரிசோதனைக்கு 50, 60 டெஸ்லா தேவைப்பட்டது. அப்படிப்பட்ட புலத்தை வேண்டிய நேரமெல்லாம் பிடித்து வைத்திருக்க முடியாது. பெரிய கொள்ளளவிகளில் மின்னைச் சேமித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சுருளினூடாகப் பாய்ச்சுவார்கள். அந்தக் கணத்துக்குள் அளவீடு முடிந்துவிட வேண்டும். பிரான்சின் துலூஸ், அமெரிக்காவின் லொஸ் அலமொஸ், ஜெர்மனியின் டிரெஸ்டன் போன்ற சில இடங்களிலேயே அந்த வசதி உண்டு.

செப்பு ஒட்சைட்டு மீகடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டு 20 ஆண்டுகளாக, இவற்றில் தெளிவான குவாண்டம் அலைவு கிடைக்கவில்லை. பேர்மி மேற்பரப்பே இவற்றில் இல்லையோ என்றுகூட ஐயம் இருந்தது. 2007இல் துலூஸ் ஆய்வுகூடத்தில், கனடாவின் வான்கூவரில் பொறுமையாக வளர்த்தெடுத்த படிகங்களைக் கொண்டு, பிரெஞ்சு–கனேடியக் குழுவொன்று அந்த அலைவைக் கேட்டது. இலத்திரன்கள் சற்றே அகற்றப்பட்ட, நெரிசல் இன்னும் முழுதாகத் தளராத படிகம் அது.

அவர்கள் கேட்டது எதிர்பார்த்த சுருதி அல்ல. புலத்தை 50இலிருந்து 60 டெஸ்லாவுக்கு உயர்த்தும்போது அலைகள் இரண்டுகூட முழுதாக வரவில்லை. அவ்வளவு ஐது. அதாவது உள்ளே இருந்தது மிகச் சிறிய பரப்பு. இருக்கக்கூடிய முழு வெளியில் வெறும் 2 சதவீதம். அடுத்த ஆண்டு, நெரிசல் நன்கு தளர்ந்த வேறொரு செப்பு ஒட்சைட்டில் அளந்தபோது, அதே 50–60 டெஸ்லா இடைவெளியில் சுமார் 60 அலைகள் அடங்கும் வேகத்தில் அலைவு கேட்டது. அதன் பரப்பு 65 சதவீதம். ஒரே குடும்பத்துப் பொருட்கள். ஒன்றில் பெரிய எல்லை, மற்றதில் சிறு துண்டு. பெரியது எப்படிச் சிறியதாயிற்று?

சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

இங்கேதான் நாங்கள் முதலில் சொன்ன பெண் வருகிறார். பெயர் சுசித்ரா செபஸ்தியன். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகவியல் பட்டம் பெற்றவர். 1915இல் தொடங்கிய அந்தக் கல்லூரி நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் காலத்தில் இலங்கையிலிருந்து பட்டப்படிப்புக்காகக் கப்பலும் ரயிலும் ஏறிச் சென்னைக்குப் போன பெண்களுக்கு அது பழகிய பெயர்.

பட்டத்துக்குப் பின் அவர் நேராக ஆராய்ச்சிக்குப் போய்விடவில்லை. அகமதாபாத்தில் முகாமைத்துவம் படித்து, ஆலோசகராக வேலையும் பார்த்தார். பிறகுதான் மீண்டும் பௌதிகவியலுக்கு வந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்த பொருள், பழங்காலச் சீனர் வர்ணமாகப் பயன்படுத்திய ஓர் ஊதா நிறச் சேர்வை. அதன் பின் கேம்பிரிட்ஜ். அங்குள்ள கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில்தான் ஷோன்பர்க், பிப்பர்ட் போன்றவர்கள் உலோகங்களின் பேர்மி மேற்பரப்பை அறியும் கலையைத் தலைமுறையாக வளர்த்திருந்தார்கள். இன்று அவர் அங்கே பேராசிரியர்.

2007இன் செய்தி வந்தவுடன் அவரும் உடன் ஆய்வாளர்களும் அதே பொருளை மேலும் நுணுக்கமாகக் கேட்கத் தொடங்கினார்கள். 2008இல், கேட்பது ஒற்றைச் சுருதி அல்ல, ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கின்றன என்று காட்டினார்கள். இரண்டு இசைக்கவர்களை ஒன்றாக ஒலிக்கச் செய்து அடிப்புக் கேட்கும் பரிசோதனை மாணவிகளுக்கு நினைவிருக்கும். அதே அடிப்பு இங்கேயும் தோன்றியது. படிகத்தைப் பல கோணங்களில் சாய்த்து, அந்த அடிப்பு எங்கே வலுக்கிறது, எங்கே மெலிகிறது என்று கவனித்து, 2014இல் அந்தச் சிறு துண்டின் வடிவத்தையும் இருப்பிடத்தையும் வரைந்து காட்டினார்கள்.

அவர்கள் சொன்ன விளக்கம் இது: இலத்திரன்களின் மின்னேற்றம் படிகத்தினுள்ளே இரு திசைகளில், புள்ளிக்கோலம் போல, தானாகவே ஓர் ஒழுங்கில் அடர்ந்தும் ஐதாகியும் அமைகிறது. அப்படி ஒரு கோலம் விழுந்தால், பெரிய எல்லை, சேலையை மடிப்பதைப்போல மடிந்து, மூலையில் ஒரு சிறு துண்டாகிவிடும். இப்படியொரு மின்னேற்ற ஒழுங்கு இந்தப் பொருளில் இருப்பதை வேறு குழுக்கள் 2011இலும் 2012இலும் முற்றிலும் வேறு முறைகளால், அணுக்கருக் காந்தப் பரிவாலும் எக்ஸ் கதிராலும், கண்டிருந்தன. தட்டிக் கேட்டவர்களும் வெளிச்சம் போட்டுப் பார்த்தவர்களும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தார்கள்.

மீகடத்தலுக்குப் பக்கத்திலேயே, அதனுடன் போட்டியிடும் இன்னோர் ஒழுங்கு இருக்கிறது என்பது இப்போது தெரியும். சோடி சேர வைக்கும் பசை எது என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவில்லை. ரீச்சரின் பதிலின் எல்லை சுருங்கியிருக்கிறது என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

காது சொன்னதை நம்புவதா?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் விஞ்ஞானத்தின் நேர்மை இருக்கிறது. 2015இல் சுசித்ராவின் குழு சமாரியம் ஆறுபோரைட்டு என்ற பொருளை ஆராய்ந்தது. அது குளிரில் காவலி. காவலியில் அசையும் இலத்திரன் இல்லை, பேர்மி மேற்பரப்பும் இல்லை. ஆகவே குவாண்டம் அலைவு கேட்கவே கூடாது. ஆனால் கேட்டது! அதுவும் உலோகத்தைப்போல உரத்துக் கேட்டது. பொருளின் மேற்பரப்பில் மட்டும் ஓடும் மின்னிலிருந்து இது வருகிறது என்று ஒரு சாரார். உள்ளிருந்தே வருகிறது என்று இவர்கள். முன்பு சொன்ன பாஸ்கரன், மின்னேற்றமில்லாத ஒருவகைத் துகள்களின் கடல் உள்ளே இருக்கலாம் என்று ஒரு விளக்கத்தை அதே ஆண்டில் முன்வைத்தார். விவாதம் முடியவில்லை.

பாடப்புத்தகம் "வராது" என்று சொன்ன இடத்தில் கருவி "வருகிறது" என்று சொன்னால், என்ன செய்வது? அவர்கள் கருவி பழுது என்று தூக்கிப் போடவில்லை. மீண்டும் அளந்தார்கள், படிகத்தை மாற்றி அளந்தார்கள், பிறகு துணிந்து வெளியிட்டார்கள். நாங்கள் மீற்றர் பாலத்தில் விடை பிழைத்தால், பக்கத்து மேசைக்காரியின் வாசிப்பைப் பார்த்து எழுதிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. கொப்பியில் சரி அடையாளம் கிடைத்தது. ஆனால் எங்கள் கம்பி என்ன சொல்ல வந்தது என்பதை நாங்கள் கேட்கவே இல்லை.

2022ஆம் ஆண்டு சுசித்ராவுக்கு, உயர்வெப்பநிலை மீகடத்திகளையும் வழமைக்கு மாறான காவலிகளையும் பற்றிய இந்த அளவீடுகளுக்காக, பௌதிகவியலில் புதிய தொடுவானங்கள் என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. அவர் நாடகத்திலும் ஈடுபாடு உடையவர். கலையையும் விஞ்ஞானத்தையும் ஒன்றாக இருத்தும் ஒரு திட்டத்தைத் தன் ஆய்வுகூடத்திலேயே தொடங்கினார். தமிழ்த்தினப் போட்டி நாடகத்துக்காகப் பௌதிகவியல் வகுப்பைத் தவறவிட்டு ஏச்சு வாங்கிய எங்களுக்கு இதை வாசித்தபோது பெரிய ஆறுதல்.

உப்பும் தூய்மையும்

சமையலறையில் தொடங்கினோம், அங்கேயே ஒருமுறை திரும்பிப் போகிறோம். யுரேனியமும் தெலூரியமும் சேர்ந்த ஒரு மரபுசாரா மீகடத்தி பற்றி 2019இல் செய்தி வந்தது. அதன் விசித்திரம், மற்ற மீகடத்திகளை அழித்துவிடும் மிக வலிய காந்தப்புலத்திலும் அது பிழைத்திருக்கிறது என்பது. அதன் உள்ளே கேட்க எல்லோரும் முயன்றார்கள். படிகங்கள் போதிய தூய்மையாக இல்லாததால் அலைவு கிடைக்கவில்லை. பிறகு யப்பானிய ஆய்வாளர்கள் சமையலுப்பையும் பொட்டாசியம் குளோரைட்டையும் உருக்கி, அந்தக் குழம்பில் படிகத்தை வளர்த்தார்கள். படிகம் தூய்மையாக வந்தது. 2022இல் அலைவும் கேட்டது. கேம்பிரிட்ஜ் குழுவும் அந்த வகைப் படிகங்களை அளந்து, உள்ளே இருப்பது கரட் வடிவம் என்று உறுதிசெய்தது.

உலகத்திலேயே வலிய காந்தம் இருந்தாலும், உப்பில் நிதானமாக வளர்ந்த ஒரு நல்ல படிகம் இல்லாவிட்டால் பயனில்லை. இந்தத் துறை முழுவதும் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: கேட்கும் பொறுமையும், கலப்படமற்ற பொருளும், கிடைத்ததை மறைக்காத மனமும் சேர்ந்தால் மூடிய ஓட்டின் உள்ளே இருப்பதையும் அறியலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதிலை மட்டும் சொல்கிறோம். ரீச்சர் வாசித்த அந்தக் கறுப்புப் பொருள் இன்று மெல்லிய நாடாவாக வருகிறது. அமெரிக்காவின் தலகாசியில் உள்ள காந்த ஆய்வுகூடத்தில், அந்த நாடாவைச் சுற்றிச் செய்த மீகடத்திக் காந்தம் 2017இல் 32 டெஸ்லாவை எட்டியது. புரியாத பொருளே, புரிந்துகொள்வதற்கான கருவியாகவும் ஆகிவிட்டது. ஏன் என்பது முழுதாக விளங்கும் நாளில், குளிரூட்டவே தேவையில்லாத மீகடத்தியை எங்கே தேடுவது என்பதும் விளங்கலாம்.

ஒரு விண்ணப்பம்

சகோதரிகளே, நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்று சங்கம் ஆலோசித்து வருகிறது. மேடைக்குப் புதிய திரை வேண்டும் என்பார்கள். வாசலுக்கு நினைவு வளைவு வேண்டும் என்பார்கள். இரண்டும் நல்லவையே. ஆனால் நமது கல்லூரியில் உயர்தரக் கணிதப் பிரிவில் இன்று இருக்கும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரிவையே மூடிவிட்டு, விரும்பும் பிள்ளைகளை வேறு பாடசாலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் நம் காதுக்கு எட்டியிருக்கிறது. பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் நாங்கள் தொட்ட அதே கல்வனோமானிகள் இருக்கின்றன. சிலவற்றில் ஊசி அசைவதில்லை.

அதனால் நிதியின் முதற்பங்கு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும் என்று கேட்கிறோம். துலூஸில் உள்ள காந்தத்தை நாம் கேட்கவில்லை. ஊசி அசையும் கல்வனோமானி, ஒழுங்கான கம்பி, நல்ல இசைக்கவர், இவற்றுடன் "தெரியாது, நீ கண்டுபிடி" என்று தயங்காமல் சொல்லும் ஓர் ஆசிரியை. அவ்வளவே.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளை பௌதிகவியல் படிக்க ஆசைப்பட்டால், "அதைப் படித்து என்ன வேலை?" என்ற கேள்வியை ஒரு வருடத்துக்காவது தள்ளி வையுங்கள். முகாமைத்துவம் படித்து, வேலையும் பார்த்துவிட்டு, மீண்டும் திரும்பி வந்து உலகமே செவிமடுக்கும் அளவீட்டைச் செய்தவரின் கதையை இன்று கேட்டீர்கள். வழி மாறிப் போனவர்களுக்குத் திரும்பி வரவும் வழி உண்டு. ஆனால் திரும்பி வருவதற்கு, முதலில் அந்த வாசல் திறந்திருக்கவேண்டும்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, 1987இல் எங்கள் வகுப்பில் கேட்ட கேள்வியை நாங்கள் முடிக்காமல் விட்டோம். அதை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறோம். அந்தப் பத்திரிகைத் துண்டு எங்களில் ஒருத்தியின் கொப்பிக்குள் இத்தனை காலமும் இருந்தது. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஆய்வுகூடத்து அறிவித்தல் பலகையில் அதைக் குத்தி வைத்துவிட்டுப் போகிறோம். வந்து வாசியுங்கள்.